விட்ட கல்வியைத் தொட்ட வீரர்

ஆட்டத்தில் வல்லவர்க்குப் பட்டம் எதற்கு எனப் பலர் வினவுவர். அவ்வினாவிற்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரியின் வாழ்வே விடையாகும்.

அவர் இளமையில் மெலிந்த உடலினர். ஆதலின் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை நாடவில்லை. டேவிட்சன் என்னும் சிறு கல்லூரியே இடமளித்தது. ஆங்குக் காவலர் நிலையில் ஆடிய அவர், 2008ஆம் ஆண்டில் தம் கல்லூரியை நாடளாவிய போட்டியின் இறுதி எட்டு அணிகளுள் ஒன்றாக உயர்த்தினார். 2009இல், பட்டம் பெறுமுன்னரே, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்னும் தொழில்முறை அணியிற் சேர்ந்தார். 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி அவருடன் வாகை சூடியது.

ஆயினும், பட்டம் பெற்றவரின் ஆட்டச் சட்டையையே சிறப்பித்துப் போற்றுவது டேவிட்சன் கல்லூரியின் மரபு. புகழ் கண்டு கல்லூரி அம்மரபினின்று வழுவவில்லை. செல்வம் கண்டு அவரும் செருக்குறவில்லை. எஞ்சிய பாடங்களைப் பயின்று 2022இல் பட்டமும், அதன்பின் அச்சிறப்பும் பெற்றார்.

மாணவர்களே! அவர் இடையில் கல்லூரியை விட்டதை யான் பழியேன். நல்வாய்ப்பு நமக்காகக் காத்திராது. ஆயின், மீண்டு வந்து கற்றதையே பெரிதும் போற்றுவேன். உடல் தளர ஆட்டம் நீங்கும், கல்வி நீங்காது. மீளும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆதலின் நன்கு ஆடுக. கல்வியைக் கைவிடாது ஆடுக.