பாவ்லோ அழைத்துப் போனது யாரோட அம்மாவை? பிரேசில்காரர்களின் ஆங்கிலம் தடுமாறுவது ஏன்?

சாவ் பாவ்லோவில் ஒரு ஐ.டி. அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். டீம் குரூப்பில் ஒருவர் ஆங்கிலத்தில் மெசேஜ் போடுகிறார்: 'பாவ்லோ இஸ் டேக்கிங் ஹெர் மதர் டு தி ஹாஸ்பிட்டல்.' பாவ்லோ ஆண். அப்போ அந்த 'ஹெர்' யார்? லண்டனில் இருக்கும் மேனேஜர் குழம்புகிறார். இன்னொருவர் 'இதுகூடத் தெரியாமல் எப்படி வேலைக்கு எடுத்தாங்க' என்று மனசுக்குள் மார்க் போட்டுவிடுகிறார்.

அந்த மார்க்தான் பிரச்சினை. மெசேஜ் போட்டவர் அலட்சியமாக எழுதவில்லை. தன் தாய்மொழியின் விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்.

போர்ச்சுகீஸில் உடைமைச் சொல், சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று பார்க்காது. சொந்தமான பொருள் ஆண்பாலா பெண்பாலா என்றுதான் பார்க்கும். அம்மா பெண்பால், எனவே 'சுவா'. அப்பா ஆண்பால், எனவே 'செவ்'. வீட்டுக்கு 'சுவா', காருக்கு 'செவ்'. அந்தக் கணக்கிலேயே ஆங்கிலத்துக்கு வந்தால், அம்மா என்றதும் கை தானாக 'ஹெர்' என்று டைப் செய்யும். தமிழில் 'அவன் அம்மா', 'அவள் அம்மா' என்று சொந்தக்காரரை வைத்தே சொல்வதால், இந்தத் தப்பு நமக்கு வருவதில்லை. அதனாலேயே அடுத்தவர் செய்யும்போது சிரிப்பு வருகிறது.

இதற்கான மருந்தும் அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. பிரேசில் பேச்சு வழக்கில் 'செவ்', 'சுவா' இரண்டும் பெரும்பாலும் 'உங்க' என்ற அர்த்தத்தில் போய்விடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 'அவனோட' என்பதற்கு 'தெலே', 'அவளோட' என்பதற்கு 'தெலா' என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் சேர்ப்பார்கள். இந்த இரண்டும் சொந்தக்காரரைத்தான் பார்க்கும். 'ஹிஸ் என்றால் தெலே, ஹெர் என்றால் தெலா' என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உலகம் முழுக்க ஒரே மாதிரி விற்கும் இலக்கணப் புத்தகத்தில் இது எப்படி இருக்கும்? அந்தப் புத்தகத்துக்குப் படிப்பவர் பிரேசில்காரரா, ஜப்பான்காரரா என்றே தெரியாதே.

அடுத்த தடுமாற்றம் வினைச்சொல்லில். 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டார். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றார். டாக்டரிடம் மாற்றிச் சொன்னால் கதையே வேறு. போர்ச்சுகீஸில் இரண்டு இடத்திலும் வினையின் மூல வடிவம் ஒன்றேதான். முன்னால் 'தே' வந்தால் விட்டுவிட்டார், 'பாரா' வந்தால் அதற்காக நின்றார். வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதைக் காட்டும் இடம்தான் வேறு. ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் என்று ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து, இதற்கெல்லாம் பின்னால் 'இங்' வரும், மனப்பாடம் செய் என்கிறார்கள்.

'தே' வந்தால் 'இங்', 'பாரா' வந்தால் 'டு' என்ற குறுக்குவழி எல்லா இடத்திலும் ஓடாது என்பதும் உண்மை. 'போன் பண்ண மறந்துட்டேன்' என்பதற்கு பிரேசிலில் 'தே' போடுவது சகஜம். ஆங்கிலத்திலோ 'ஃபர்காட் டு கால்'தான். இருந்தாலும் நாற்பது சொற்களை உருப்போடுவதைவிட, ஒரு குறுக்குவழியும் அதன் சில விலக்குகளும் மேல்.

சரி, 'இங்' வடிவமே அவர்களிடம் இல்லையா? இருக்கிறது. பிரேசிலில் 'செய்துகொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தோ ஃபசென்டோ' என்பார்கள். ஆனால் அந்த வடிவம் பெயர்ச்சொல்லாக மாறாது. 'நீச்சலடிப்பது நல்லது' என்று சொல்ல மூல வினையைத்தான் போடுவார்கள். அதனால்தான் 'ஸ்விம்மிங் இஸ் குட்' என்பதற்குப் பதில் 'ஸ்விம் இஸ் குட்' வந்து விழுகிறது. லிஸ்பனில் நிலைமை இன்னும் கொஞ்சம் வேறு. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்பதற்கே அங்கே 'எஸ்தோ அ ஃபசேர்' என்று மூல வினைதான் வழக்கம். ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்க்காரர்களுக்கே ஒரே பாடம் சரிவராது.

இந்த வடிவத்தோடு பிரேசில் அரசியலே ஒருமுறை மோதியிருக்கிறது. கால் சென்டர்களில் 'உங்க அழைப்பை மாற்றிக்கொண்டிருக்கப் போகிறேன்' என்கிற பாணியில் இழுத்துப் பேசும் வழக்கம் பரவியது. ஆங்கிலத்திலிருந்து அப்படியே மொழிபெயர்த்ததன் விளைவு என்று பலர் திட்டினார்கள், மொழியியலாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. 2007-ல் தலைநகர் பிரேசிலியாவை உள்ளடக்கிய கூட்டாட்சி மாவட்டத்தின் ஆளுநர் ஜோசே ராபர்ட்டோ அருடா ஒரு ஆணையே போட்டார்: அரசு அலுவலகங்களிலிருந்து அந்த வினை வடிவம் 'பணிநீக்கம்' செய்யப்படுகிறது! பேச்சில் அது இன்றும் வேலையில்தான் இருக்கிறது.