மலைக்கு அந்தப் பக்கம்

எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு ஒரே மாதிரிதான் போகிறார்கள். டென்வரிலிருந்து எஸ்டெஸ் பார்க் வழியாக ஏறி, டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். மலையில் பாதியைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம். இந்த ஆகஸ்டில் எங்கள் ஊரான கம்பத்திலிருந்து அப்பா வந்திருந்தார். கூடாரம், அடுப்பு, பிள்ளைகள், அப்பா என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய்த் தங்கினோம்.

நாங்கள் இருக்கும் டல்லாஸிலிருந்து 287ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோவைத் தாண்டினால் மேடும் இல்லை, மரமும் இல்லை. டால்ஹார்ட் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். நீண்ட இரும்புக் கைகள் சக்கரத்தில் உருண்டு வட்டம் வட்டமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தன. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "இம்புட்டு வெள்ளாமைக்கும் ஆறு எங்குட்டு இருக்கு தாயி?" என்றார். ஆறு கிடையாது, எல்லாம் ஓகலாலா என்னும் நிலத்தடி நீர்தான், மழை ஊறுவதைவிட வேகமாக எடுப்பதால் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது என்றேன். ஆயுசு முழுக்க முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் கட்டியவர் அவர். ராடன் கணவாய் வரும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

டிரெயில் ரிட்ஜ் 1932இல் திறந்த சாலை. அதன் உச்சி 12,183 அடி. அதில் பதினோரு மைல் தூரம் மரமே வளராத உயரத்தில் போகிறது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் பூச்செடிகள்தான் அங்கே காடு. உள்ளங்கை அகலம் படர அவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. மகள் குனிந்து ஒரு நீலப் பூவைப் பார்த்தாள். அவள் சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெரிது. காற்று ஆளைத் தள்ளியது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியதால் அதிக நேரம் நிற்கவில்லை.

உச்சியைத் தாண்டி இறங்கினால் மில்னர் கணவாய். வட அமெரிக்காவின் நீர் பிரியும் கோடு அதன் வழியாகப் போகிறது. கிழக்கே விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. மேற்கே விழுவது கொலராடோ ஆற்றுக்கு. அங்கிருக்கும் பலகைக்கு இரு பக்கமும் கால் வைத்து நின்ற மகன், "தாத்தா, நான் ரெண்டு கடலுக்கும் நடுவுல நிக்கிறேன்" என்று கத்தினான்.

முகாம் போட்டது டிம்பர் கிரீக்கில். ஏறத்தாழ 8,900 அடி, அதாவது நம் ஆனைமுடியின் உச்சி அளவு உயரம். பைன் மரங்களைப் பட்டை வண்டு அழித்துவிட்டதால் அந்த முகாமில் நிழல் கிடையாது, மின்சாரமும் இல்லை. முளை அடித்துக் கூடாரத்தை நிறுத்தியதும் என் கணவர் கரடிக்கு எச்சரிக்கையாகச் சோற்றுப் பாத்திரத்திலிருந்து பற்பசை, பெருங்காய டப்பா வரை மணக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டிவைத்தார். அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் துவரம்பருப்பு லேசில் மலராது. பிரஷர் குக்கர் மூன்று விசில் விட்டதும், பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைகள் ஓடிவந்து பார்த்தார்கள். இரவு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரசம் சோறு சாப்பிட்டோம். நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று.

காலையில் கொயோட்டி பள்ளத்தாக்குப் பாதையில் அப்பாவைக் கூட்டிப்போனேன். சமதளம், வயதானவர்களும் நடக்கலாம். பக்கத்தில் ஓடுவதுதான் கொலராடோ ஆறு. சுமார் நான்கு கோடிப் பேருக்குத் தண்ணீர் தருகிற, கிராண்ட் கேன்யனை அறுத்த ஆறு, இங்கே எங்கள் ஊர்க் கிளை வாய்க்கால் அகலம்தான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், ஐஸ் குளிர்ச்சி.

எதிரே நெவர் சம்மர் மலைத்தொடரின் இடுப்பில் கோடு கிழித்ததுபோல ஒரு தழும்பு தெரிந்தது. "அது என்ன ரோடா?" என்றார். ரோடு இல்லை, கிராண்ட் டிச் என்ற வாய்க்கால் என்றேன். 1890இல் வெட்டத் தொடங்கி 1936இல் முடித்தார்கள். கொலராடோ ஆற்றில் இறங்க வேண்டிய பனிநீரைப் பத்தாயிரம் அடி உயரத்திலேயே மறித்து, கணவாய் வழியாகக் கிழக்குச் சமவெளி வயல்களுக்குத் திருப்புகிறது. இது போதாதென்று பூங்காவுக்கு அடியில் ஆடம்ஸ் சுரங்கம், 13.1 மைல். 1947இலிருந்து மேற்குத் தண்ணீரைக் கிழக்கே கொண்டுபோகிறது. கொலராடோ மாநிலத்தில் மழையும் பனியும் பெரும்பங்கு மேற்கே விழுகின்றன. ஜனமோ பெரும்பாலும் கிழக்கே குடியிருக்கிறது.

"அப்ப நம்ம பெரியாறுதான்" என்றார் அப்பா, சட்டென்று.

ஆமாம். பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1895இல் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர்தான் எங்கள் வயல், எங்கள் சாப்பாடு, என் படிப்பு. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பொங்கலுக்கு அவர் பெயரில் பானை வைக்கிறோம். தண்ணீரை மலை தாண்டித் திருப்புவதே தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கொலராடோ ஆற்றின் அந்தப் பள்ளத்தாக்கு என்னை உறுத்தியது. வில்லோ புதர்கள் குறைந்து, அணை கட்டி வாழும் பீவர் அநேகமாக இல்லாமல் போய்விட்டது. நீர் குறைந்தது மட்டுமல்ல, எல்க், மூஸ் என்னும் பெரிய மான்களின் மேய்ச்சலும் அதற்கு ஒரு காரணம். மிச்சமிருக்கும் வில்லோவைக் காக்க வேலி போட்டிருக்கிறார்கள். 2003இல் கிராண்ட் டிச் கரை உடைந்து, சேறும் கல்லும் சரிந்து ஆற்றின் தலைப்பகுதியை மூடின. 2008இல் பூங்காவுக்கு 90 லட்சம் டாலர் இழப்பீடு முடிவானது. பூங்கா பிறந்தது 1915இல்தான், வாய்க்கால் அதற்கு மூத்தது. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது கொலராடோ நீர்ச் சட்டம். அதனால் தேசியப் பூங்காவுக்குள்ளேயே வாய்க்கால் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பா ஈரக்காலோடு கல்லில் உட்கார்ந்தார். "திருப்புறது தப்பில்ல தாயி. ஆத்துக்கும் ஒரு முறை வைக்கணும்ல?" என்றார். ஆயக்கட்டுக்காரர் சொல்லும் கணக்கு அது. ஆற்றையும் ஒரு பங்குதாரராகச் சேர்க்கும் ஏற்பாட்டை நானும் கேட்கிறேன், அங்கேயும், எங்கள் ஊரிலும்.

போகிறவர்களுக்குச் சில விவரம். உச்சிச் சாலை பெரும்பாலும் மே கடைசியில் திறந்து அக்டோபர் நடுவில் மூடிவிடும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், காலையிலேயே உச்சியைக் கடந்துவிடுங்கள். முகாம் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் வந்தால் ஒரு இரவு டென்வரில் தங்கிவிட்டு ஏறுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மேற்கே கிராண்ட் லேக் ஊர் வரை இறங்குங்கள்.