கச்சேரிக்கு அனுமதி யார் தருவது?

கோவாவில் பெர்னெம் தாலுகாவைச் சேர்ந்த தார்கல் ஒரு சிற்றூர். மோபா விமான நிலையத்துக்குச் சமீபம். 2024-ஆம் ஆண்டுக் கடைசியில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால் ஒரு விண்ணப்பம் வந்தது. 'சன்பர்ன்' என்னும் மேனாட்டுப் பாணி மின்னணு இசை விழாவை டிசம்பர் 28 முதல் 30 வரை அங்கே நடத்த அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் தெற்கு கோவாவில் நடத்துவதாகச் சொல்லி, அங்கே கிளம்பிய எதிர்ப்பினால் வடக்கே வந்து சேர்ந்த விழா அது.

ஊர் இரண்டுபட்டது. கடை போடலாம், டாக்சி ஓடும், பத்துப் பேருக்குப் பிழைப்புக் கிடைக்கும் என்றனர் ஒரு சாரார். பக்கத்தில் ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிறது, நோயாளி தூங்க வேண்டாமா, நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றனர் மறு சாரார். பஞ்சாயத்து உறுப்பினர்களும் பிரிந்தார்கள். பெரும்பான்மையினர் அனுமதி கொடுத்தார்கள். எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். விழா நடந்தது. முதல் நாளே டில்லியிலிருந்து வந்த 26 வயது இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். 2025-ல் விழா கோவாவை விட்டு மும்பைக்குப் போய்விட்டது.

எங்கோ கோவாவில் நடந்தது, நமக்கென்ன என்று சித்தூரிலோ திருப்பதியிலோ இருப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. இதே விழா 2019 டிசம்பரில் வாகத்தூரில் நடந்தபோது மயங்கி விழுந்து உயிரிழந்த இருவர் ஆந்திரத்திலிருந்து போனவர்கள். ஊரில் கச்சேரி நடக்காவிட்டாலும், கச்சேரி நடக்கும் ஊருக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். கீற்றுக் கட்டவும், இரும்புக் குழாய் பூட்டவும், விளக்குப் போடவும், மறுநாள் விடியற்காலையில் குப்பை வாரவும் போகிறவர்களிலும் நம்மவர்கள் உண்டு.

இம்மாதிரி விழா என்றதும் கலாசாரம் கெட்டுவிடும் என்று ஒரு கூக்குரல் எழும். இந்தக் கூக்குரலால் யாதொரு பிரயோசனமும் இல்லை. யாருக்கு எந்தச் சங்கீதம் பிடிக்க வேண்டும் என்று பஞ்சாயத்துத் தீர்மானம் போட முடியாது. ஊர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை பேர் வருவார்கள்? எந்த வழியாக வருவார்கள்? ஒருவன் மயங்கி விழுந்தால் அவனை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவது?

சிறிய ஊர் பெரிய இசை விழாவைத் தாங்காது என்று சொல்வதும் சரியல்ல. திருவையாறு என்ன பெரிய பட்டணமா? ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமிக்குக் காவிரிக் கரையில் தியாகராஜர் ஆராதனை நடக்கிறது. சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் சொந்தப் பணத்தைக் கொட்டி 1925-ல் அதை முடித்தார். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்வான்கள் சண்டை போட்டுக்கொண்ட காலமும் உண்டு. 1940-க்குப் பிறகுதான் ஒன்று சேர்ந்தார்கள். அங்கே டிக்கெட் கிடையாது. திருப்பதிக்கு மே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரை எப்படியோ, திருவையாற்றுக்குத் தை மாதத்தில் ஆராதனை அப்படி. ஒரு வாரம் வேஷம் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக ஜனங்கள் திரிவதற்குத் திருப்பதியில் யாரும் முகம் சுளிப்பதில்லை. எந்தத் தெரு அடைபடும், எந்தக் கடை மூடியிருக்கும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். விழா நடத்துகிறவனும் அதே தெருக்காரன். தப்பு நடந்தால் மறுநாள் அவன் முகத்தில் விழிக்கலாம்.

டிக்கெட் விற்று நடத்தும் விழாவில் அது இல்லை. வந்தவர் மூன்றாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார். குப்பையும் கேஸும் ஊருக்கு.

அப்படியானால் மறுத்துவிடலாமே என்றால், மறுத்த ஊரின் கதையும் இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வால்கில் என்ற ஊரில் ஓர் இசை விழாவுக்கு ஏற்பாடாயிற்று. ஊரார் பயந்தார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் கூடினால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அவசரமாகச் சட்டம் போட்டார்கள். ஜூலை மத்தியில், தற்காலிகக் கழிப்பிட வசதி விதிப்படி இல்லை என்று காரணம் காட்டி மறுத்தும் விட்டார்கள். விழாவுக்கு இன்னும் ஒரே மாதம். நடத்துகிறவர்கள் அங்குமிங்கும் ஓடி, பெத்தேல் என்ற இடத்தில் ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தைப் பிடித்தார்கள். ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கு மேல். வேலி போட்டு முடிக்க நேரமில்லை. டிக்கெட் வசூலிக்க வழியில்லாமல் விழா இலவசமாயிற்று. சாலைகள் அடைபட்டன, உணவு தீர்ந்தது. சுற்றுப்புறத்து ஜனங்கள் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்துப் பசியாற்றினார்கள். உட்ஸ்டாக் என்று உலகம் புகழும் விழா இதுதான். வால்கில் தள்ளிய பாரத்தைப் பெத்தேல் சுமந்தது. பெத்தேல்காரர்கள் நல்லவர்களாக இருந்தது ஓர் அதிர்ஷ்டம்.

இங்கிலாந்தில் வைட் தீவு செய்தது வேறு மாதிரி. ஏறக்குறைய ஒரு லட்சம் பேரே வசித்த அந்தத் தீவில் 1970-ல் ஐந்தாறு லட்சம் பேர் இசை கேட்கக் குவிந்ததாகக் கணக்கு. அடுத்த ஆண்டே, இரவில் ஐயாயிரம் பேருக்கு மேல் திறந்தவெளியில் கூடுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று பார்லிமெண்டில் தனிச் சட்டம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே அந்த விழா இல்லை. 2002-ல் அதே தீவு மீண்டும் விழா எடுத்தது.

நம் பக்கத்தில் இந்த யோசனையெல்லாம் கிடையாது. 2023 செப்டம்பர் 10-ந் தேதி சென்னைக்கு வெளியே பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரி. பணம் கட்டி டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு சொல்லி முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஸ்தம்பித்தது. ஐந்து மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரியிலும் தடுப்பு உடைந்து கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. இரண்டு இடத்திலும் சங்கீதத்தின் பேரில் எந்தக் குற்றமும் இல்லை. தலைக் கணக்குத்தான் தப்பு.

கூட்டம் என்றால் என்னவென்று திருப்பதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினம் பல்லாயிரம் பேரை வரிசையில் நிறுத்திச் சோறு போட்டு அனுப்பும் ஊர் அது. அங்கேயே 2025 ஜனவரி 8-ந் தேதி இரவு, வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஆறு பேர் நசுங்கி இறந்தார்கள். மலையில் அல்ல, கீழே ஊருக்குள். இறந்தவர்களில் தமிழகத்துப் பக்தர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவில் 11 பேர். செப்டம்பரில் கரூரில் கட்சிக் கூட்டத்தில் 41 பேர். தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்தை ஆண்டு பழகிய இடத்திலேயே ஒரு கதவைத் திறக்கும் நேரத்தில் தவறிவிடுமானால், மூன்று நாளைக்கு வந்து இறங்குகிற கம்பெனியின் வாய் வார்த்தையை நம்பி ஒரு சிற்றூர்ப் பஞ்சாயத்து கையெழுத்துப் போடலாமா?

அரசாங்கம் ஒரே போடாகத் தடை போட்டால் அதுவும் நிற்பதில்லை. கந்துகூரில் 2022 டிசம்பரில் எட்டுப் பேர் நெரிசலில் மாண்டதும், ஆந்திர அரசு சாலைகளில் கூட்டம் நடத்துவதைக் கட்டுப்படுத்தி அரசாணை எண் 1 பிறப்பித்தது. 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆகவே அனுமதியிலேயே எல்லாம் எழுதப்பட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து விதி. வருஷத்தில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு மட்டும் தளர்த்த அதில் இடமுண்டு. அந்தத் தளர்வைக் கேட்கிறவன் முதலில் ஊருக்குப் பணம் கட்டட்டும். ரோடு பழுதானால், குழாய் உடைந்தால் அந்தப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம். துப்புரவுத் தொழிலாளிக்கு இரட்டைக் கூலி அதிலிருந்தே போகட்டும். மைதானத்தின் பரப்பை அளந்து, இத்தனை தலைக்கு மேல் டிக்கெட் கூடாது என்று தாசில்தாரும் போலீசும் சேர்ந்து எழுதிக் கொடுக்கட்டும். ஆம்புலன்சுக்கு ஒரு பாதை விழா முடியும் வரை காலியாகக் கிடக்கட்டும். அதில் எந்தப் பிரமுகரின் காரும் நிற்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பேச்சு முடிந்து, அனுமதி கையெழுத்தான பிறகுதான் டிக்கெட் விற்பனை தொடங்க வேண்டும். தார்கலில் பஞ்சாயத்து கூடி வாக்கெடுத்தபோது விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. டிக்கெட் அதற்கு முன்பே விற்கத் தொடங்கியாயிற்று.