எண்ணெய்க் கிணற்றுக்குள் ஒரு 'உப்புக் கணக்கு': கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்... ஏன்?

தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இந்தியா வெளியில் இருந்துதான் வாங்குகிறது. அதனால்தான் உள்நாட்டின் பழைய வயல்களில் மிச்சமிருப்பதை எப்படி எடுப்பது என்ற கேள்வி முக்கியமாகிறது. ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் உள்ள மங்களா வயலை எடுத்துக்கொள்ளலாம். 2004ல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கிய வயல் இது. இங்கே வேதாந்தாவின் கெய்ர்ன் நிறுவனம் முதலில் நீரையும், பிறகு பாலிமர் கலந்த நீரையும் செலுத்தியது. அடுத்த கட்டம் 'ஏஎஸ்பி'. காரம், சர்ஃபாக்டன்ட், பாலிமர் மூன்றையும் நீரில் கலந்து நிலத்துக்குள் அனுப்பும் முறை.

இதில் சர்ஃபாக்டன்ட் விலை உயர்ந்த சரக்கு. ஆனால் அது வேலை செய்யுமா, வீணாகுமா என்பதை முடிவு செய்வது நீரில் கரைந்திருக்கும் உப்பு.

எண்ணெய் ஏன் வர மறுக்கிறது?

பூமிக்கடியில் எண்ணெய் குளம் மாதிரி தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் சின்னச் சின்னத் துளிகளாக மாட்டிக்கொண்டிருக்கிறது. நீரை அழுத்தித் தள்ளினால் கொஞ்சம் வரும். மிச்சத் துளிகள் குறுகிய துளை வழியே நெளிந்து வர, எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை விடாது.

அதைக் குறைக்கத்தான் சோப்பு குடும்பத்தைச் சேர்ந்த சர்ஃபாக்டன்ட். இதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். கலவை சரியாக அமைந்தால் எண்ணெயும் நீரும் மிக நுணுக்கமாகக் கலந்து, வைத்திருந்தாலும் பிரியாத திரவமாகிவிடும். இதுதான் மைக்ரோஎமல்ஷன்.

சரி, இதுல உப்புக்கு என்ன வேலை?

எண்ணெய் வயல்களில் பயன்படும் சர்ஃபாக்டன்ட்களின் தலை பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது. பக்கத்துப் பக்கத்துத் தலைகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பு குறைவாக இருந்தால் இந்தத் தள்ளல் பலமாக இருக்கும். படலம் எண்ணெயைச் சுற்றி வளைந்து, துளிகளாக நீருக்குள் பிடித்து வைக்கும்.

உப்பைக் கூட்டினால் சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து சண்டையைத் தணிக்கும். தலைகள் நெருங்கும், வளைவு குறையும். அளவு மீறினால் வளைவு தலைகீழாகிவிடும். நீர்த்துளிகள் எண்ணெய்க்குள் போகும், சர்ஃபாக்டன்ட்டும் கூடவே எண்ணெய்ப் பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும். கொட்டிய பணம் பாறைக்குள்ளேயே தங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. வின்சர் 1948ல் வகைப்படுத்திய மூன்றாம் வகை அதுதான். கண்ணாடிக் குழாயில் பார்த்தால் கீழே நீர், மேலே எண்ணெய், நடுவில் மைக்ரோஎமல்ஷன் என மூன்று அடுக்குகள் தெரியும். சாதாரணமாக மீட்டருக்கு 20, 30 மில்லிநியூட்டன் இருக்கும் இழுவிசை, இந்த இடத்தில் 0.001 அளவுக்கு இறங்கும். பத்தாயிரம் மடங்குக்கும் மேலான சரிவு.

ஆய்வகத்தில் ஓகே, நிலத்துக்கடியில்?

ஆய்வகத்தில் வரிசையாகக் குழாய்களை வைத்து, ஒவ்வொன்றிலும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாள்கணக்கில் காத்திருந்து அந்த அளவைப் பிடித்துவிடலாம். பாறைக்குள் அப்படி முடியாது. அங்கே ஏற்கெனவே உப்பு நீர் இருக்கிறது. களிமண் தாதுக்கள் கால்சியத்தை விடுவிக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சோடியத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கணக்கைக் கலைப்பவை. போர்வெல் தண்ணியில சோப்பு நுரைக்காததற்கும் இதே இரண்டும்தான் காரணம்.

காரமாகச் சேர்க்கும் சோடியம் கார்பனேட்டும் ஓர் உப்புதான். அது கச்சா எண்ணெயில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து அங்கேயே சோப்பு உண்டாக்கும் என்பது லாபம். ஆனால் அந்தச் சோப்பு, பொருத்தமான உப்பு அளவையே நகர்த்திவிடும். நீரில் கால்சியம் இருந்தால் சுண்ணாம்பாகப் படிந்து குழாயையும் அடைக்கும். ஏஎஸ்பியைப் பெரிய அளவில் செய்துபார்த்த சீனாவின் டாச்சிங் வயலுக்கும் படிவுத் தொல்லை பெரிய தலைவலியானது.

எனவே ஒரே உப்பு அளவை நம்பி யாரும் இறங்குவதில்லை. சர்ஃபாக்டன்ட்டுக்குப் பின்னால் உப்பு குறைந்த பாலிமர் நீரை அனுப்புகிறார்கள். உப்பு அதிகமான முன்பக்கத்தில் எண்ணெயில் சிக்கிய சர்ஃபாக்டன்ட், பின்னால் வரும் நீரால் மீண்டும் நீர்ப் பக்கம் திரும்பும். போகும் வழியில் எங்கேயாவது அந்தக் குறுகிய இடைவெளியைக் கடந்துதான் ஆக வேண்டும்.

இதற்கு உப்பு குறைந்த நீர் நிறைய வேண்டும், பார்மரோ பாலைவனம். கடல் நடுவே உள்ள வயல்களில் நிலைமை வேறு விதம். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரைத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் மேடையிலேயே உப்பு நீக்கும் ஆலையை நிறுவ வேண்டும். கூடுதலாக எத்தனை பீப்பாய் வரும் என்று நிறுவனங்கள் அறிவிக்கும்போது, எந்தத் தண்ணீரைக் கொண்டு என்பதையும் சேர்த்தே கேட்பது நல்லது.