பந்தி முடிஞ்சது, வட்டி முடியல

திருப்பத்தூர் பக்கம் எந்தச் சேரியில் கல்யாணம் பேசினாலும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவு பண்ணப் போறீங்க?" என்பதுதான். அந்தக் காசு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கணக்குப் போடுங்கள் தோழர்களே. மூணு வட்டிக்கு ரெண்டு லட்சம் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய். மூன்று வருஷத்தில் 2,16,000 கட்டியிருப்போம். அசல் அப்படியே நிற்கும். மொய் வந்து அடைச்சிடும் என்கிறோம். மொய் மட்டும் கடன் இல்லையா? நோட்டில் எழுதி வாங்கியதை நோட்டைப் பார்த்துத்தானே திருப்பணும்?

வட்டி கட்ட முடியாதவர் செங்கல் சூளையில் முன்பணம் வாங்குகிறார். குடும்பமே சூளைக்குப் போகிறது. பிள்ளைகளின் படிப்பு அதோடு சரி. முன்பணத்துக்காக உழைப்பைக் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைத்தனம். அந்தக் கடனே செல்லாது. கடனைச் சட்டம் ரத்து செய்யும். கடன் வாங்க வைக்கிற கௌரவத்தை யார் ரத்து செய்வது?

"நம்ம ஊர்வலத்தைத் தெருவுக்குள்ள விடாதவன் முன்னால ஜாம்ஜாம்னு பண்ணிக் காட்டினா என்ன தப்பு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் கடனை அவனிடமே வாங்கினால்? இன்று நிமிர்ந்த தலை நாளை அவன் வாசலில் குனியுமே!

ஜவ்வாது மலைமேல் மலையாளிப் பழங்குடிகளிடம் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரிசம் தரும். பரிசமும் சுமைதான், ஆனால் பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுவதில்லை. மலையடிவாரத்தில் நாமோ பெண்ணையும் கொடுத்து, நகையும் பைக்கும் கொடுக்கிறோம்.

1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார்: கல்யாணம் ஒரு சுமை, அதைத் தாங்கும் வருமானம் வரும்முன் பிள்ளைகள்மேல் ஏற்றாதீர்கள். 1989-இல் ஏழைப் பெண்களின் கல்யாண உதவியாகத் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022-இல் அரசே மாற்றியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படிக்க மாதம் 1,000 ரூபாய் என்றாக்கியது. அரசுக்குப் புரிந்தது நமக்குப் புரியாதா?

கையில் இருப்பதே வரம்பு. செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. 1967-ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். புரோகிதரும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஒரு வேளை சோறு போடுங்கள், ஆடுங்கள், பாடுங்கள். காசில்லாமல் கொண்டாட நமக்கா தெரியாது?

மாணவத் தோழர்களே, ஊருக்குச் சொல்லுமுன் உங்க கல்யாணக் கணக்கை நீங்களே எழுதுங்கள். முதல் வரி: வரதட்சணை இல்லை. கடைசி வரி: கடன் இல்லை.