ட்ரெட்மில்லுக்குப் பூட்டு போட்ட மகராசனுங்க

மக்களே, ரொம்ப நாளா ஆணி ஜாஸ்தி. அதான் கடைப்பக்கம் வரல. நேத்து டீ குடிக்கப் போன இடத்துல டீம் அண்ணன் ஒருத்தர் வயித்தெரிச்சலைக் கிளப்பிவிட்டுட்டார், அதை இங்க வந்து கொட்டுறேன்.

பேச்சு எங்கயோ ஆரம்பிச்சு 'ஓகே கோ' பேண்டுகிட்ட வந்து நின்னுச்சு. "பாட்டு ரெக்கார்டிங்குக்குக் காசு போட்டவன் கம்பெனிக்காரன். அவன் வீட்டுக் கதவை அவன் பூட்டினா உனக்கு ஏன்டா எரியுது?"ன்னு கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். அங்கதான் ஏமாந்துடுறோம்.

தெரியாதவங்களுக்கு மட்டும் கதைச்சுருக்கம். அமெரிக்காவுல இருக்குற நாலு பேர் ராக் பேண்டு. 2005ல வந்த 'ஓ நோ' ஆல்பத்துல 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்'னு ஒரு பாட்டு. 2006ல அதுக்கு வீடியோ எடுத்தாங்க. எட்டு ட்ரெட்மில், நாலு ஆளு, ஒரே ஷாட். நடுவுல வெட்டு, ஒட்டு எதுவும் கிடையாது. எவனாவது ஒருத்தன் காலை ஒரு செகண்ட் தப்பா வச்சாலும் மொத்தமும் முதல்ல இருந்து. பாடகர் டேமியன் குலாஷோட அக்கா ட்ரிஷ் சீதான் பேண்டோட சேர்ந்து இயக்கினாங்க. ஷூட்டிங் ஸ்பாட்டும் அந்த அக்கா வீடேதான். கிராபிக்ஸ் இல்ல, கிரேன் ஷாட் இல்ல, பின்னாடி ஆட அம்பது பேர் இல்ல. ஜிம்முல நாம மூச்சு வாங்குற அதே மெஷின்ல இவனுங்க வழுக்கிக்கிட்டே ஆடுறானுங்க.

இதுல முக்கியமான மேட்டர் என்னன்னா, இப்படி ஒண்ணு எடுக்கறதை அவங்க கம்பெனியான ஈஎம்ஐகிட்ட சொல்லவே இல்ல. அப்பதான் முளைச்சு வந்துட்டிருந்த யூட்யூப்ல கம்பெனி அனுமதி இல்லாமலே ஏத்திட்டாங்க. ஒப்பந்தப்படி பார்த்தா தப்புதான். ஆனா கம்பெனி கண்டுக்கல. ஏன்னா அன்னிக்கு அவனுங்களுக்கு வீடியோன்னா ஓசி விளம்பரம், அவ்வளவுதான்.

அப்புறம் பார்த்தவன் எல்லாம் தன் பக்கத்துல ஒட்டினான். அதைப் பார்த்தவன் அவன் பக்கத்துல ஒட்டினான். கோடிக்கணக்குல பார்த்தாங்க. 2007ல கிராமி விருது. அஞ்சு கண்டத்துல எழுநூறு கச்சேரி. கம்பெனி நோட்டுல இந்த பேண்டு கணக்கு நஷ்டத்துல இருந்து லாபத்துக்கு வந்துச்சு. இதெல்லாம் குலாஷே எழுதினது. அதாவது, காசு போட்டவனுக்குப் போட்ட காசு திரும்பக் கிடைச்சதே ஊர்ல இருக்கவன் ஒட்டினதாலதான்.

இதுக்கு நன்றிக்கடனா கம்பெனி என்ன பண்ணுச்சு? எம்பெட் பண்ற வசதியை நிறுத்திடுச்சு. யாரும் தன் பக்கத்துல வீடியோவை ஒட்ட முடியாது, யூட்யூப்புக்கே போய்த்தான் பார்க்கணும். 2010 ஜனவரியில வந்த 'திஸ் டூ ஷால் பாஸ்' பாட்டு வீடியோவுக்கும் அதே பூட்டு. காரணம் துட்டு. யூட்யூப் அப்ப தன் சொந்தப் பக்கத்துல பார்த்தா மட்டும்தான் கம்பெனிக்குக் காசு கொடுத்துச்சு. அடுத்தவன் பக்கத்துல ஓடினா பைசா கிடையாது.

பொட்டி தட்டுறவனா ஒண்ணு சொல்லிடுறேன். எம்பெட்ங்கறது காப்பி அடிக்கறது கிடையாது. திருட்டு டிவிடியும் கிடையாது. நம்ம பக்கத்துல இருக்கறது துக்கடா கோடு. வீடியோ வர்றது யூட்யூப் சர்வர்ல இருந்து, அதுக்கு ஆகுற செலவும் அவங்களோடது. கம்பெனி நினைச்சா எந்த நிமிஷமும் எடுத்துடலாம். நம்ம வீட்டுச் சுவத்துல அவங்க வீட்டைப் பார்க்க ஒரு ஜன்னல் வச்ச மாதிரி. அந்த ஜன்னலுக்குப் பூட்டு போட்டா நஷ்டம் யாருக்கு?

2010 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ்ல குலாஷ் ஒரு கட்டுரை எழுதினார். பூட்டு போட்டதும் ட்ரெட்மில் வீடியோவை ஒரு நாளைக்குப் பார்க்கறவங்க சுமார் 10,000ல இருந்து ஆயிரத்துச் சொச்சமா விழுந்துட்டாங்க. 90 சதவீதம் காலி. சரி, அவ்வளவு ஜனத்தைத் தொரத்திவிட்டு எவ்வளவு சம்பாதிச்சாங்க? ஆறு மாச ஸ்ட்ரீமிங்குக்கு பேண்டு கணக்குல வரவு 27.77 டாலர். அன்னிக்கு ரேட்டுக்கு ஆயிரத்து முன்னூறு ரூபாகூட தேறாது. கம்பெனி பங்கு இதைவிட அதிகமாவே இருக்கட்டும். தினமும் ஒம்பதாயிரம் பேரை வாசல்ல இருந்து வெரட்டுற அளவுக்கு அதுல என்ன இருக்கு?

அண்ணன் விடல. "பத்து பேண்டுல காசு போட்டா ஒம்போது ஊத்திக்கும். கிடைச்சதுல வசூல் பண்ணாம என்ன பண்ணுவான்?" இதை நான் ஒத்துக்கறேன். வசூல் பண்ணட்டும், வேணாங்கல. ஆனா காசு தராதது யூட்யூப். பேரம் பேச வேண்டியது அங்க. அவன்கிட்ட பேச முடியாம, வீடு வீடா பாட்டைச் சுமந்துட்டுப் போனவன் கையைக் கட்டறது எந்த ஊர் வியாபாரம்? சரக்கை எடுத்துட்டுப் போற வண்டிக்கு டயரைக் கழட்டிட்டு, கடையில கூட்டம் இல்லன்னு அழுவறதா?

வேற வழியே இல்லன்னும் சொல்ல முடியாது. அதே 'திஸ் டூ ஷால் பாஸ்' பாட்டுக்கு 2010 மார்ச்சுல ரெண்டாவது வீடியோ வந்துச்சு. ஒண்ணு உருண்டு இன்னொண்ணை இடிச்சு, அது வேறெதையோ தள்ளிவிட்டுன்னு பாட்டு முழுக்க ஓடுற பிரம்மாண்ட மெஷின். ஸ்டேட் ஃபார்ம்னு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி செலவுக்குப் பணம் கொடுத்துச்சு. யார் வேணா எங்க வேணா ஒட்டிக்கலாம்னு விட்டாங்க. மறுபடியும் ஊரெல்லாம் பரவுச்சு. அதே மாசம் பேண்டு ஈஎம்ஐயை விட்டு வெளிய வந்து 'பராகடூட்டே'ன்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஈஎம்ஐ என்ன ஆச்சு? 2012ல துண்டு துண்டா வித்துட்டாங்க. பூட்டு போட்டதாலதான் அப்படி ஆச்சுன்னு நான் சொல்லல, அதுக்கு ஆயிரம் காரணம். ஆனா பூட்டு அவனுங்களைக் காப்பாத்தலங்கறது மட்டும் உண்மை.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, அந்தப் பூட்டு இன்னும் யூட்யூப்ல இருக்கு. பிடிச்ச பாட்டைப் பத்தி ராத்திரி முழுக்க உக்காந்து எழுதி, கீழ வீடியோவை ஒட்டினா 'இங்க ஓடாது'ன்னு கறுப்பா ஒரு கட்டம் வரும். நமக்கு எவனும் சம்பளம் தர்றதில்ல. பிடிச்சிருக்கு, நாலு பேருக்குச் சொல்றோம். அவ்வளவுதான் நம்ம லாபம். அதையே திருட்டுன்னு பார்க்கற கண்ணுக்கு ரசிகன் யாரு, திருடன் யாருன்னு எப்படித் தெரியும்?

அண்ணே, வீடு அவனோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த வீட்டுக்கு வழி சொல்லி ஜனத்தை அனுப்பினது நாங்க.

டிஸ்கி: அண்ணனும் இந்தப் பக்கத்தைப் படிப்பார். பின்னூட்டத்துல வந்து கும்மட்டும், நான் ரெடி. ஆனா அடுத்த டீக்காசு அவரோடது :)