கொடுத்தவரும் அடித்தவரும்

நுழையும்முன்

வெற்றி பெற்றவரின் பெயரைப் பதிவு செய்யும் உலகம், அவ்வெற்றிக்கு வழியமைத்தவரைப் பல நேரங்களில் மறந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக நிகழ்வதும் உண்டு. வழியமைத்தவரின் புகழ் ஓங்கி நிற்க, வென்றவரின் திறமை இரவல் திறமையாகக் கருதப்படும். பனி ஹாக்கி விளையாட்டில் அத்தகைய ஐயத்துக்கு ஆளான வீரர் ஒருவர், தம் இணையரைப் பிரிந்தபின் எவ்வாறு ஆடினார் என்பதையும் அதிலிருந்து பெறத்தக்க கருத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பனித்தளத்தின் கணக்கு

பனி ஹாக்கி, கனடா நாட்டு மக்களின் வாழ்வோடு கலந்த விளையாட்டு. உறைந்த பனித்தளத்தின்மீது சறுக்குக் காலணி அணிந்து, கோல்காப்பாளர் உட்பட அணிக்கு அறுவர் களத்தில் நின்று ஆடுவர். பந்துக்கு மாற்றாகக் கடினமான ரப்பரால் ஆன தட்டையான வட்டு ஒன்று மட்டைகளுக்கு இடையே விரைந்தோடும். ஒருவரின் மட்டையிலிருந்து மற்றொருவரின் மட்டைக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தில் மாறிவிடும்.

இவ்விளையாட்டின் கணக்கேட்டில் ஓர் அரிய முறை உண்டு. கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. அக்கோல் விழுவதற்குமுன் வட்டைக் கடத்திக் கொடுத்து உதவியவருக்கும் ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. ஒரு கோலுக்கு இருவர்வரை இவ்வாறு ‘உதவி’ என்ற பெயரில் புள்ளி பெறலாம். அடித்தவரின் புள்ளி பெரிது, கொடுத்தவரின் புள்ளி சிறிது என்னும் வேறுபாடு அங்கே இல்லை. இருவரும் நிகர் என்பதே ஏட்டின் தீர்ப்பு.

அரங்கில் அமர்ந்திருப்போரின் மனக்கணக்கு வேறு. அவர்கள் இருவரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ‘இவர் இல்லாவிட்டால் அவர் யார்?’ என்னும் கேள்வியை எழுப்பி, ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்துவதில் மகிழ்கின்றனர். பின்லாந்து நாட்டு வீரர் யாரி குர்ரியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து வந்த கேள்வி அதுவே.

எட்மன்டனின் இணை

குர்ரி 1960ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் பிறந்தவர். தம் இருபதாவது வயதில் கனடாவுக்கு வந்து, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் சேர்ந்தார். வெய்ன் கிரெட்ஸ்கி அங்கே முன்னமே இருந்தார். அவர் நடு முன்கள வீரர். குர்ரி வலப்புற முன்கள வீரர். இருவரும் அடுத்தடுத்து நின்று ஆடத் தொடங்கியபின், எதிரணிகளின் தற்காப்பு அரண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

எதிரணியின் கோல்வலைக்குப் பின்புறம் உள்ள சிறிய இடத்தில் நின்றுகொண்டு களம் முழுவதையும் நோக்குவது கிரெட்ஸ்கியின் வழக்கம். அவ்விடத்தை விளையாட்டு விரும்பிகள் அவருடைய ‘அலுவலகம்’ என்றே அழைத்தனர். அங்கிருந்து அவர் தள்ளிவிடும் வட்டைத் தடுத்து நிறுத்தாமல், வந்த விரைவிலேயே வலைக்குள் அடிப்பது குர்ரியின் தனித்திறன். 1984-85ஆம் ஆண்டுப் பருவத்தில் குர்ரி 71 கோல்கள் அடித்தார். அடுத்த பருவத்தில் 68 கோல்களுடன் லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அதே பருவத்தில் கிரெட்ஸ்கி பெற்ற உதவிகள் 163. ஒரு பருவத்தில் அத்தனை உதவிகளை அவருக்கு முன்னும் பின்னும் எவரும் பெற்றதில்லை. 1984, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை எட்மன்டனுக்கு வந்தது.

எட்டுப் பருவங்களில் குர்ரி அடித்த கோல்கள் 397. அத்தனை பருவங்களிலும் கிரெட்ஸ்கி அதே அணியில் இருந்தார். ஆகவே அந்தக் கோல்களில் குர்ரியின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய எவருக்கும் வாய்ப்பில்லாமல் இருந்தது. கொழுகொம்பின்மீது படர்ந்த கொடியைப் பார்ப்பவர், கொடியின் வலிமையைத் தனியே அளக்க இயலாது அன்றோ!

பிரிவும் பேச்சும்

1988ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், கிரெட்ஸ்கி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார் என்ற செய்தி வெளியானது. அப்போது அவருக்கு வயது 27. செய்தியாளர் முன்னிலையில் அவர் கண்ணீர் சிந்தினார். மாற்றத்தை அரசே தடுத்து நிறுத்த வேண்டும் என்று கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கோரினார். ஒரு விளையாட்டு வீரரின் இடமாற்றத்துக்காக ஒரு நாடே கலங்கியது.

கலக்கத்தின் நடுவே குர்ரியைப் பற்றிய பழைய கேள்வி புதிய வலுப் பெற்றது. தங்கத் தட்டில் வைத்து நீட்டப்பட்டதை எடுத்து உண்டவர், இனித் தாமே சமைத்து உண்ண வேண்டும். அது அவரால் இயலுமா? கேள்வி கடுமையானது என்றாலும் பொருளற்றது எனத் தள்ளிவிட முடியாது. அடுத்த பருவத்திலேயே அதற்குச் சான்றுபோல் ஒன்று நிகழ்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பெர்னி நிக்கல்ஸ் முந்தைய பருவத்தில் 32 கோல்கள் அடித்திருந்தார். கிரெட்ஸ்கி வந்து சேர்ந்த 1988-89ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் 70 கோல்கள் அடித்தார். 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேறு அணிக்கு மாறிய பின்னர், ஒரு பருவத்தில் 40 கோல் என்னும் அளவைக்கூட அவர் மீண்டும் தொடவில்லை. நிக்கல்ஸ் தாமே சிறந்த ஆட்டக்காரர். இருப்பினும், கொடுக்கும் கை ஒன்று அருகில் இருப்பதன் மதிப்பை இந்த எண்கள் மறைக்காமல் காட்டுகின்றன. இதை ஒப்புக்கொள்ளாமல் குர்ரியைப் போற்றுவது நேர்மையாகாது.

எண்கள் சொல்லும் செய்தி

கிரெட்ஸ்கியுடன் ஆடிய கடைசிப் பருவத்தில் குர்ரி அடித்தவை 43 கோல்கள். பெற்ற உதவிகள் 53. கிரெட்ஸ்கி இல்லாத முதற்பருவத்தில் அவர் அடித்தவை 44 கோல்கள். பெற்ற உதவிகள் 58. கொடி சாயவில்லை, முன்னினும் சிறிது உயர்ந்தே நின்றது.

ஆயினும் அப்பருவம் வெற்றியில் முடியவில்லை. கோப்பைக்கான சுற்றுகளின் தொடக்கத்திலேயே எட்மன்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் அணியை எதிர்கொண்டது. ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு ஒன்று என முன்னிலை பெற்றிருந்தும், எஞ்சிய மூன்று ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது. பிரிந்து சென்ற தோழரே எதிரில் நின்று வென்ற அந்தத் தோல்வி, ஐயுற்றவர்களின் வாய்க்கு மேலும் இடம் கொடுத்தது.

அடுத்த பருவத்தில் குர்ரியின் கோல்கள் 33ஆகக் குறைந்தன. கோல்களை மட்டும் எண்ணுபவர், ‘இதோ, வீழ்ச்சி தொடங்கிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுவார். ஏட்டின் அடுத்த பத்தியையும் படிப்பவர் அவ்வாறு சொல்லமாட்டார். அப்பத்தியில் உள்ள எண் 60. அவர் பிறருக்கு வழியமைத்துக் கொடுத்த உதவிகள் அவை. எட்டு ஆண்டுகள் பெரிதும் பெறுபவராக அறியப்பட்டவர், இப்போது கொடுப்பவராகவும் விளங்கினார்.

1990ஆம் ஆண்டின் கோப்பைச் சுற்றுகளில் எட்மன்டனும் லாஸ் ஏஞ்சல்சும் மீண்டும் மோதின. இம்முறை ஓர் ஆட்டத்தைக்கூட இழக்காமல் நான்கு ஆட்டங்களிலும் எட்மன்டன் வென்றது. பின்னர் இறுதிப் போட்டியில் பாஸ்டன் புரூயின்ஸ் அணியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது. அணியை வழிநடத்தியவர் மார்க் மெஸ்ஸியர். கோப்பைச் சுற்றுகளில் குர்ரியின் பங்கு 10 கோல்கள், 15 உதவிகள். கிரெட்ஸ்கி இல்லாமல் எட்மன்டன் பெற்ற முதற்கோப்பை அது. எட்மன்டனை விட்டுச் சென்றபின் கிரெட்ஸ்கி ஒருமுறையேனும் அக்கோப்பையை வெல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. பெறுபவர் கொடுப்பவரை நாடி நிற்பதுபோலவே, கொடுப்பவரும் தக்க பெறுநரை நாடி நிற்கிறார்.

பெறுதலும் ஒரு கலை

குர்ரி எவ்வாறு நிலைத்து நின்றார் என்னும் வினாவுக்கான விடை, அவர் கிரெட்ஸ்கியுடன் ஆடிய காலத்திலேயே இருக்கிறது. விரைவு மிகுந்த ஆட்டத்தில், ஆள் நிற்கும் இடத்தை நோக்கி வட்டை அனுப்பினால் அது வந்து சேர்வதற்குள் எதிரணியினர் இடைமறித்துவிடுவர். ஆள் வரப்போகும் இடத்தை நோக்கி அதை அனுப்ப வேண்டும். அவ்வாறெனில், அங்கே வந்து சேர்வது யார் பொறுப்பு? எந்த இடைவெளி திறக்கும், எப்பொழுது திறக்கும், மட்டையை எந்தக் கோணத்தில் வைத்திருக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே கணித்து அங்கே சேர்பவர் பெறுபவரே. ஒருவர் இடத்தைக் காண்கிறார். மற்றவர் அவ்விடத்தை உண்டாக்குகிறார். கிரெட்ஸ்கி கொடுத்தார் என்பது உண்மை. கொடுக்கத்தக்க இடத்தைக் குர்ரி உருவாக்கினார் என்பதும் அதே அளவு உண்மை.

எதிரணியினர் முன்னேறும்போது விரைந்து திரும்பித் தம் எல்லையைக் காப்பதிலும் குர்ரி பெயர் பெற்றவர். களத்தைப் படித்தறியும் அந்த அறிவு கிரெட்ஸ்கியின் பெட்டியில் வைத்து லாஸ் ஏஞ்சல்சுக்கு அனுப்பப்பட்டுவிடவில்லை. அது குர்ரியிடமே இருந்தது. அதைக் கொண்டு முன்பு தமக்கு இடம் தேடினார். பின்னர், பிறருக்கு இடம் காட்டவும் அதையே பயன்படுத்தினார்.

துணையை இழந்தவர் தவறும் இடமும் இங்கேயே உள்ளது. இழந்தவரைப் போன்ற மற்றொருவரைத் தேடி அலைவது ஒரு தவறு. இழந்தவர் செய்ததையும் சேர்த்துத் தாம் ஒருவரே செய்துவிட முயல்வது மற்றொரு தவறு. குர்ரி 163 உதவிகள் பெறும் இன்னொரு கிரெட்ஸ்கியாக மாற முயலவில்லை. 71 கோல்கள் என்னும் தம் பழைய எண்ணைத் துரத்திக்கொண்டும் ஓடவில்லை. அணிக்கு அப்போது எது தேவையோ அதற்கேற்பத் தம் பங்கை மாற்றிக்கொண்டார்.

திரும்பி வராத காலம்

இக்கதையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 1990ஆம் ஆண்டுக் கோப்பைக்குப்பின் குர்ரி ஒரு பருவம் இத்தாலியின் மிலான் நகரில் ஆடினார். 1991ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தார். கிரெட்ஸ்கியும் குர்ரியும் மீண்டும் ஒரே அணியில்! பழைய நாள்கள் திரும்பிவிடும் என விளையாட்டு விரும்பிகள் எதிர்பார்த்திருப்பர். அப்பருவத்தில் குர்ரி அடித்த கோல்கள் 23 மட்டுமே. கிரெட்ஸ்கியைப் பிரிந்திருந்த பருவங்களைவிட அது குறைவு.

குர்ரியின் கோல்கள் அனைத்தும் கிரெட்ஸ்கியின் கொடையே என்றால், கொடையாளர் திரும்பக் கிடைத்ததும் கோல்களும் திரும்பியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. வயது ஏறியிருந்தது; அணி வேறு; உடன் ஆடியவர் வேறு. பழைய வெற்றி ஒரு குறிப்பிட்ட காலத்தின் விளைச்சல். இரு விதைகளை மட்டும் எடுத்துச் சென்று வேறு மண்ணில் ஊன்றினால் அதே விளைச்சல் வந்துவிடாது. எனினும், அடுத்த பருவத்தில் குர்ரி 27 கோல்களும் 60 உதவிகளும் பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் அணி 1993ஆம் ஆண்டின் இறுதிப் போட்டிவரை முன்னேறியது. அப்பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் அவருடைய உதவிகள் கோல்களைவிட இருமடங்குக்கு மேல் இருந்தன. கிரெட்ஸ்கி இல்லாத நாள்களில் பெருகிய கொடுக்கும் பழக்கம், கிரெட்ஸ்கி அருகில் இருந்தபோதும் அவரை விட்டு நீங்கவில்லை.

601 கோல்களுடன் 1998ஆம் ஆண்டில் குர்ரி தம் லீக் வாழ்க்கையை நிறைவு செய்தார். 2001ஆம் ஆண்டில் ஹாக்கிப் புகழரங்கில் இடம்பெற்ற முதல் பின்லாந்து வீரர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

எது நேர்மையான மதிப்பீடு?

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பர். இரு கைகள் தட்டி எழுந்த ஓசையில் எது வலக்கையின் ஓசை, எது இடக்கையின் ஓசை என்று பிரிக்க முயல்வது வீண்முயற்சி. ‘கிரெட்ஸ்கி இல்லாவிட்டால் குர்ரி இல்லை’ என்பது எவ்வளவு பிழையோ, ‘குர்ரிக்குக் கிரெட்ஸ்கி தேவையே இல்லை’ என்பதும் அவ்வளவு பிழை. அந்த எட்டு ஆண்டுகளின் உயரத்தைக் குர்ரி மீண்டும் எட்டவில்லை. எட்டாமலேயே அவர் பயனுள்ள வீரராகவும் வெற்றி பெற்ற அணியின் தூணாகவும் இருந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான மதிப்பீடு.

பள்ளியில் உடனிருந்து பாடம் விளக்கிய தோழர் வேறு ஊருக்குச் சென்றுவிடலாம். வழிகாட்டிய ஆசிரியர் பணிமாறுதல் பெறலாம். அப்போது மாணவர் நெஞ்சில் எழும் அச்சம் இயல்பானது. அந்நேரத்தில், ‘அவர் இன்றி என்னால் இயலுமா?’ என்னும் கேள்வியோடு மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நலம்: ‘அவரிடமிருந்து பெற்றதை நான் இனி யாருக்குக் கொடுக்கலாம்?’ முதற்கேள்விக்கு உடனே விடை கிடைக்காது. இரண்டாம் கேள்விக்கான விடை, பெரும்பாலும் அடுத்த இருக்கையிலேயே அமர்ந்திருக்கும்.